மருந்தும் உதைப்பும்: ஊவாத் துவக்குகள் பற்றிய ஒரு குறிப்பு

தமிழில் 'மருந்து' என்ற சொல் நோய் தீர்க்கும் பொருளையும் குறிக்கும். துவக்கினுள் இட்டு உயிர் போக்கும் பொருளையும் குறிக்கும். சிங்களத்திலும் இதே நிலைதான். 'வெடி பெஹெத்' என்று சிங்களக் கிராமத்தவன் கூறுவதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'வெடி மருந்து' என்றே வரும். நாம் வெடியுப்பு என்பதை அவர்கள் 'வெடி லுணு' என்பர்; நாம் துவக்கு என்பதை அவர்கள் 'துவக்குவ' என்பர். 'துவக்கு', 'துப்பாக்கி' ஆகிய இரண்டும் துருக்கிமொழிச் சொல்லின் வழிவந்தவை. இந்து சமுத்திர வணிகத்தோடு கரையிறங்கியவை. கருவி அந்நியருடையது, அதன் பெயரும் அந்நியருடையது. ஆனால் அதற்குள் இடும் பொருளுக்கு மட்டும் இரு மொழியினரும் தத்தம் வைத்தியரின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டனர். காரணம் வெளிப்படை. வெடியுப்பும் கந்தகமும் சித்த வைத்தியத்துக்குப் புதியனவல்ல. அம்மியும் குழவியும், உரலும் உலக்கையும், அளவு பிசகாத நிறுவையும் வைத்தியனிடம் ஏற்கனவே இருந்தன. கருவியைக் கடன்வாங்கிய சமூகம், அதற்கு வேண்டிய உற்பத்தி அறிவைத் தன்னிடமிருந்தே திரட்டிக்கொண்டது என்பதற்கு இச்சொல்லே சான்று.

இலக்கிய ஆராய்ச்சியாளன் துவக்கு மருந்தைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கக்கூடும். ஊவாவின் வரலாறு பற்றி நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் வீரகாவியங்களாகவோ ஒப்பாரிகளாகவோ அமைந்துவிடுகின்றன. யார் சுட்டான், யார் வீழ்ந்தான் என்பது சொல்லப்படுகிறது. எந்த மருந்தைக்கொண்டு சுட்டான், அதை யார் செய்தது, சுட்டபோது எழுந்த உதைப்பை யாருடைய தோள் தாங்கியது என்ற வினாக்கள் எழுவதில்லை. எல்லயிலிருந்து கணவாய் வழியே வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் இருபது மைலுக்குள் இவ்வினாக்கள் அனைத்துக்கும் விடை கிடக்கிறது.

முதலில் உதைப்பு என்பது யாதெனப் பார்த்தல் வேண்டும். துவக்கு வெடிக்கும்போது குண்டு முன்னே செல்கிறது. துவக்குப் பின்னே செல்கிறது. முன்னே செல்வதன் எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது எவ்வளவோ, பின்னே செல்வதன் எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவதும் அவ்வளவே. இது நியூட்டன் வகுத்த விதி. ஆனால் முன்னே செல்வது குண்டு மட்டுமன்று என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எரிந்த மருந்தும் வாயுவாகவும் புகையாகவும் குழலைவிட்டு வெளியேறுகிறது; அதுவும் குண்டைவிடக் கூடிய வேகத்தோடு வெளியேறுகிறது. ஆகவே உதைப்பைக் கணக்கிடும்போது மருந்தின் எடை ஒன்றரை மடங்காகவோ அதற்கு மேலாகவோ கொள்ளப்படும். குண்டின் எடையையும் வேகத்தையும் மாற்றாமலே உதைப்பைக் குறைக்க வேண்டுமாயின் முக்கிய வழிகள் இரண்டு. துவக்கின் எடையைக் கூட்டலாம். அல்லது அதே வேகத்தைக் குறைந்த எடையிலேயே தரவல்ல மருந்தைத் தெரிந்தெடுக்கலாம். இவ்விரு வழிகளுள் எதை எவர் மேற்கொண்டனர் என்பது பௌதிகவியலின் வினாவன்று, சமூகவியலின் வினா.

கண்டி இராச்சியத்தின் மருந்து எவ்வாறு செய்யப்பட்டது என்பதை நாம் அறிவதற்கு ஜோன் டேவிக்கே பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். இரசாயன அறிஞர் ஹம்பிறி டேவியின் தம்பியான இவர், 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ வைத்தியராக இருந்தவர். 1821இல் வெளியான இவரது நூல், வெடியுப்புக் குகைகளைப் பற்றி ஓர் இரசாயனியின் கண்கொண்டு எழுதப்பட்டது. தும்பறையிலும் ஊவாவிலும் இருந்த குகைகளுக்கு அவர் நேரிற் சென்றார். வௌவால்கள் அடையும் குகைகளிலே, அவற்றின் எச்சத்திலிருந்தும் பாறையின் சிதைவிலிருந்தும் நைத்திரேற்று உப்புக்கள் உண்டாகின்றன. ஈரமும் காற்றும் வெம்மையும் சேர்ந்து செய்யும் வேலை அது. தொழிலாளர் குகைச் சுவரின் மண்ணையும் கல்லையும் கொத்தியெடுத்துப் பொடியாக்கி, விறகுச் சாம்பலோடு கலந்து, நீரூற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சி, ஆறவைத்துப் பளிங்குகளாகப் பெற்றனர்.

சாம்பல் எதற்கு? இங்கேதான் மருந்துத் தெரிவின் முதற் பாடம் இருக்கிறது. குகை மண்ணில் கிடைப்பதில் பெரும்பகுதி கல்சியம் நைத்திரேற்று. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகிவிடும் இயல்புடையது, மருந்துக்கு உதவாது. சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று உண்டு. இரண்டையும் கலந்தால் கல்சியம் சுண்ணாம்பாகக் கீழே படிய, ஈரத்தை அவ்வளவாக ஏற்காத பொற்றாசியம் நைத்திரேற்று நீரில் எஞ்சும். இரட்டைப் பிரிகை என்று இன்று பாடசாலை மாணவன் படிக்கும் இத்தாக்கத்தைச் சமன்பாடு எழுதத் தெரியாத ஊழியக் குடிகள் குகை வாயிலிருந்து செய்துவந்தனர். அவர்களுடைய பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை. அரசனுக்குச் செலுத்தும் இராசகாரியக் கடமையாக அவ்வுழைப்பு அறவிடப்பட்டது. குகை அரசனுடையது, காடு அரசனுடையது; சாம்பல் மட்டும் அவர்களுடையது.

டேவி தரும் கலவையளவு வெடியுப்பு ஐந்து பங்கு, கந்தகம் ஒரு பங்கு, கரி ஒரு பங்கு. மூன்றையும் ஈரமாக்கித் தட்டைக் கற்களிடையே அரைத்தோ நெல்லுக் குற்றும் உரலில் இடித்தோ கலந்தனர். நூற்றுவீதத்தில் இது ஏறத்தாழ 71, 14, 14 ஆகும். ஐரோப்பாவில் நிலைபெற்றிருந்த அளவு 75, 10, 15. வெடியுப்பில் நான்கு வீதந்தான் குறைவு. அப்படியாயின் தாழ்வு எங்கே இருந்தது? அளவில் அன்று, அரைப்பிலும் மணியாக்கத்திலுமே இருந்தது. மூன்று பொருள்களும் எவ்வளவு நெருங்கிக் கலக்கின்றனவோ அவ்வளவு விரைவாக மருந்து எரியும். ஐரோப்பிய ஆலைகளில் நீர்ச்சக்தியால் உருண்ட பெருஞ்சில்லுகள் மணிக்கணக்காக அரைத்தன. அரைத்ததை அழுத்தி உடைத்துச் சல்லடையிட்டு, ஒரே பருமனுள்ள மணிகளாக்கினர். மணி சிறிதாயின் மேற்பரப்புக் கூடும், எரிவு விரையும். பெரிதாயின் எரிவு மெதுவாகும். கைத்துவக்குக்குச் சிறுமணி, பீரங்கிக்குப் பெருமணி என்று தெரிந்தெடுக்கும் வசதி அதனாற் பிறந்தது. 1860ஆம் ஆண்டையடுத்து அமெரிக்கரான றொட்மன், துளையிட்ட பெருமணிகளைச் செய்து, எரிய எரிய மேற்பரப்புக் குறையாதபடி பார்த்துக்கொண்டார். உரலில் இடித்த மருந்துக்கு இத்தகைய தெரிவு கிடையாது. ஒரு நாள் இடித்தது ஒருவிதம், மறுநாள் இடித்தது வேறுவிதம். பலம் தெரியாத மருந்தைச் சுடுபவன் கையளவால் மதித்தே போடவேண்டியிருந்தது.

இந்நிலையிலுங்கூட அம்மருந்து ஏகாதிபத்தியங்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. கண்டித் துவக்குகளின் குழல் நீண்டது. பொறி இடப்புறம் அமைந்தது. தண்டின் அடி இரண்டாகப் பிளந்து சுருண்டது. குழல் நீண்டதால் மெதுவாக எரியும் மருந்து முழுதாக எரிந்து தீர இடம் கிடைத்தது. இதனை அழகியற் பொருளாக மட்டும் நூதனசாலைக் கண்ணாடிக்குள் பார்ப்பது போதாது. குறைபாடுடைய மருந்துக்கு ஏற்றபடி கருவியைத் திருத்திக்கொண்ட கொல்லனின் அறிவும் அதில் இருக்கிறது. 'கொடித்துவக்கு' எனப்பட்ட சிறு பீரங்கி இதைவிடச் சுவையானது. முன்னே இரண்டு கால்கள்; பின்பகுதி நிலத்தில் ஊன்றும். உதைப்பைத் தோள் வாங்குவதில்லை, நிலம் வாங்கும். சுடும்போது அது பின்னோக்கித் துள்ளுவதைக் கண்டு ஐரோப்பியர் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயரிட்டனர். இன்றும் சிங்களரிடையே 'கொடிதுவக்கு' என்பது குடும்பப் பெயராக வழங்குகிறது.

1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயக் கப்பித்தான் ஜெனரல் கொன்ஸ்தந்தீனு த சா, பதுளையை அழித்துவிட்டு மீளும்போது றந்தெனிவெலவில் சூழப்பட்டு மாண்டான். அவனது படையிலிருந்த லஸ்கரின்கள் கட்சி மாறியதே தோல்விக்குத் தலையாய காரணம். மழையில் மருந்தும் திரியும் நனைந்து துவக்குகள் பயன்படாமற்போனமையும் உடன்காரணமென்பர். மழையில் மருந்தின் தரத்துக்கு மதிப்பில்லை. அவ்வேளையில் வில்லும் வேலும் வைத்திருந்தவன் முன்னேறியவனானான். தொழினுட்பம் ஒரு நேர்கோட்டில் ஏறிச்செல்கிறது என்று நம்புவோர் இந்த மழையைக் கவனித்தல் நன்று. 1817இல் வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டபோதும், பதுளையிலிருந்து சென்ற உதவி வதிவாளர் வில்சன் அம்பினாலேயே கொல்லப்பட்டார்.

1817 - 1818 கிளர்ச்சி மருந்துப் பிரச்சினையை முழுமையாக வெளிப்படுத்தியது. ஊவாவின் திசாவையாக இருந்த கெப்பிட்டிப்பொல, கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்டு, கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். சேருமுன் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த துவக்குகளையும் வெடிபொருள்களையும் ஆங்கிலேயருக்கே திருப்பியனுப்பினார் என்ற செய்தி மரபாகப் போற்றப்பட்டு வருகிறது. பிரபுவின் மானம் என்ற அளவில் அது போற்றத்தக்கதுதான். ஆனால் அம்மருந்தின்றிப் போரிடப் போனவர்கள் யார் என்று எண்ணும்போது எனக்கு அப்போற்றுதலில் முழுமனத்தோடு சேர முடியவில்லை. நிலமானியப் பிரபு தன் வாக்கைக் காப்பாற்றினார். அதன் விலையை வெல்லஸ்ஸவின் குடியானவன் கொடுத்தான். மறுபுறத்தில் ஆங்கிலேயரின் மருந்துக்குப் பின்னால் வங்காளமும் பீகாரும் இருந்தன. 1757இல் பிளாசிப் போரின் பின்னர் பட்னா வட்டாரத்து வெடியுப்பு கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்குள் வந்துவிட்டது. பீகாரின் உப்புக் காய்ச்சும் ஏழைகள் மண்ணைச் சுரண்டிச் செய்த உப்பு, இங்கிலாந்தின் ஆலைகளில் மருந்தாகி, ஊவாவின் ஏழைகளைச் சுடத் திரும்பி வந்தது. ஒரு குகையில் ஒரு வறட்சிக்காலத்தில் கிடைக்கும் உப்பு இதனோடு போட்டியிட்டிருக்க முடியாது. 1818 நவம்பரில் கெப்பிட்டிப்பொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வயல்களும் குளங்களும் கனிமரங்களும் அழிக்கப்பட்ட ஊவா, அடுத்து வந்த கோப்பிக்காக வெறுமையாக்கப்பட்ட நிலம்போல் கிடந்தது.

எங்கெல்ஸ் 'டூரிங்குக்கு மறுப்பு' என்ற நூலில் இதனைத்தான் கோட்பாடாக வகுத்துள்ளார். றொபின்சன் குறூசோ கையிலே வாளுடன் வெள்ளியை அடிமைப்படுத்தினான் என்று டூரிங் காட்டியபோது, அவ்வாறாயின் ஒரு காலையில் வெள்ளி குண்டேற்றிய றிவோல்வருடன் வந்து நிற்பதாகவும் கொள்ளலாமே, அப்போது உறவு தலைகீழாகிவிடுமே என்று எங்கெல்ஸ் எள்ளி நகையாடினார். பலாத்காரம் வெறும் மனவிருப்பத்தின் செயலன்று. அதற்குக் கருவி வேண்டும், கருவிக்கு உற்பத்தி வேண்டும் என்பதே வாதம். இது வெறும் உவமையன்று. துவக்கின் தொழினுட்பத்தை எங்கெல்ஸ் நன்கறிந்தவர். 1860 - 1861இல் லங்காஷயர் தொண்டர்படைச் சஞ்சிகையில் 'றைபிளின் வரலாறு' என்ற கட்டுரைத் தொடரையே எழுதியவர். நமது மார்க்சிய விமரிசகர் பலர் அவரது இப்பகுதி எழுத்துக்களைத் திறந்து பார்ப்பதேயில்லை.

இனித் துரைமாரின் துவக்குக்கு வருவோம். பதுளையில் அரசாங்க உதவி முகவராகவும் படைத்தலைவராகவும் இருந்த மேஜர் றொஜேர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்படுகிறார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளையிலுள்ள பரிசுத்த மாற்கு தேவாலயம் அவர் நினைவாகவே எழுப்பப்பட்டது. யானையொன்றுக்குச் சில இறாத்தல் ஈயம் என்றாலும் எத்தனை அந்தர் ஈயமும் மருந்தும் காடுகளுக்குள் சென்றிருக்கும் என்று கணக்கிடலாம்; அதைச் சுமந்தவர்களுக்கு எங்கும் தேவாலயம் எழவில்லை. இவருக்குப் பின் வந்த சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து, ஊவாவின் புல்வெளிக் காடுகளிலும் வேட்டையாடினார். பேக்கர் உண்மையிலேயே மருந்தைப் பற்றிச் சிந்தித்தவர். மற்றவர் சிறிதளவு மருந்து போட்டுச் சுட்ட காலத்தில், பெருமளவு மருந்தே உரிய ஊடுருவலைத் தரும் என்று வாதிட்டவர். 1840இல் பிறிஸ்டலில் கிப்ஸ் என்பவரைக் கொண்டு அவர் செய்வித்த றைபிளின் விபரங்களை அவரே தந்துள்ளார். எடை 21 இறாத்தல்; குழல் 36 அங்குலம்; உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ்; மருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ்.

இவ்வெண்களை மேற்கூறிய விதியில் இட்டுப் பார்ப்போம். குண்டு 3 அவுன்ஸ், மருந்தை ஒன்றரை மடங்காகக் கொண்டால் ஒன்றரை அவுன்ஸ், ஆக நாலரை. துவக்கு 336 அவுன்ஸ். குண்டின் வேகத்தில் எழுபத்தைந்தில் ஒரு பங்கு வேகத்தோடு துவக்குப் பின்னே வரும். குண்டு செக்கனுக்கு 1,400 அடி செல்வதாக வைத்துக்கொண்டால், துவக்கு ஏறத்தாழ 19 அடி வேகத்தில் தோளைத் தாக்கும். அதே மருந்தையும் குண்டையும் 7 இறாத்தல் துவக்கில் இட்டிருந்தால் வேகம் மும்மடங்காகி 56 அடியாகும், தோளெலும்பு மிஞ்சாது. ஆகவே பேக்கர் முதல் வழியைத் தேர்ந்தார்: மருந்தைக் குறைக்கவில்லை, துவக்கின் எடையைக் கூட்டினார். அந்த 21 இறாத்தலை மலைகளிலும் முட்புதர்களிலும் நாள் முழுவதும் தூக்கித் திரிந்தவர் யார்? துவக்குத் தூக்கிகள் என்ற கூலிகள். யானை எதிர்ப்படும் அந்த ஒரு கணத்தில் மட்டும் துவக்குத் துரையின் கைக்கு வரும். உதைப்பு குறைந்தது என்பது உண்மைதான். அது மறைந்துபோகவில்லை, பகற்பொழுது முழுவதும் பரப்பப்பட்டு வேறொருவன் தோளில் வைக்கப்பட்டது. பேக்கரின் நூல்களை வேட்டை இலக்கியமாகச் சுவைத்துப் படிப்போர் இதைக் கவனிப்பதில்லை. பௌதிக விதி துவக்குக்கும் குண்டுக்கும் இடையில் நின்றுவிடுகிறது. கூலிக்காரனைச் சேர்த்துக் கணக்கிட அரசியற் பொருளாதாரம் வேண்டும்.

மருந்தைத் தெரிந்தெடுப்பதில் ஊவாத் தொழிலாளிக்கு நேரடி அறிவு கிடைத்த இடம் வேட்டைக்காடன்று, கற்பாறை. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து எல்ல, தெமோதரை வழியாகப் பதுளைக்கு வர 1924 வரை முப்பது ஆண்டுகள் சென்றன. தெமோதரையில் பாதை வளைந்து, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கிறது. எல்லக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை இன்று உல்லாசப் பயணிகள் படம்பிடிக்கின்றனர். பாறையைப் பிளப்பதில் இரு வகை மருந்துண்டு. கரிமருந்து மெதுவாக எரிந்து தள்ளும். கல் பெரிய துண்டுகளாகப் பிரியும். டைனமைற்று ஒரே கணத்தில் அதிர்த்து நொறுக்கும். கட்டடத்துக்கு வேண்டிய கல் எடுக்க முன்னது. வழி திறக்கப் பின்னது. எல்லக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், வீதிக்குக் கல்லுடைக்கும் வேலையில் முதுமைவரை இருந்த ஒருவரோடு சில ஆண்டுகளுக்கு முன் பேசிக்கொண்டிருந்தேன். எந்தப் பாறைக்கு எது, துளை எத்தனை முழம், மேலே எந்த மண்ணால் அடைக்கவேண்டும் என்பதையெல்லாம் பாறையின் நிறத்தையும் சுத்தியல் பட்ட ஓசையையும் கொண்டே அவர் முடிவு செய்வார். அவர் இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருடைய அறிவு எந்தப் பொறியியல் அறிக்கையிலும் ஏறாதது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருந்தின் வரலாறு திரும்பியது. 1884இல் பிரான்சில் வியேய் புகையற்ற மருந்தைச் செய்தார். 1887இல் நோபெல் பலிஸ்தைற்றையும், 1889இல் ஆங்கிலேயர் கோடைற்றையும் கொண்டுவந்தனர். கரிமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது. புகையாகவும் கசடாகவும் போய்விடும். அந்த வீண் எடையும் உதைப்பில் சேர்ந்தே கணக்காகும். நைத்திரோசெல்லுலோசு ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிறது. எனவே குறைந்த எடையில் அதே வேலை நடக்கிறது. இரண்டாவது வழி இப்போதுதான் உண்மையாகத் திறந்தது. மணியின் வடிவம், பருமன், மேற்பூச்சு ஆகியவற்றை மாற்றி எரியும் விரைவை விரும்பியபடி அமைக்கும் ஆற்றல் ஆலைகளுக்கு வந்தது.

இன்றைய மேலைநாட்டு இலக்குச் சுடுவோரிடையே இத்தெரிவு எவ்வளவு நுணுக்கமாகிவிட்டது என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். 1935இல் அமெரிக்காவில் 'மக்னம்' என்ற பெயருடன் பலம் மிகுந்த கைத்துவக்குத் தோட்டா வெளிவந்தது. அதன் முழுப்பலம் மெதுவாக எரியும் மருந்தைப் பெருமளவில் இட்டே பெறப்படுகிறது. மருந்தின் எடை குண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குவரை செல்லும். கடுதாசி இலக்கைத் துளைக்க அப்பலம் வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கில் சுடும்போது மணிக்கட்டு சோரும். அடுத்த வெடிக்கு முன்னரே கை அஞ்சி நடுங்கும். எனவே அவர்கள் வெற்றுக் கோதுகளைத் தாமே மீளநிரப்புகையில், விரைவாக எரியும் மருந்தைச் சிற்றளவில் இட்டு, குண்டின் வேகத்தையும் குறைத்துக்கொள்கின்றனர். குண்டின் எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கோ அதிலும் குறைவோ போதும். துவக்கோ பெரும்பலத்துக்கென்று கனமாகச் செய்யப்பட்டது. ஆகவே கனமான துவக்கு, குறைந்த மருந்து என்று இரு வழிகளும் ஒருங்கே சேர்ந்து உதைப்பு மிக மெலிந்துவிடும்.

மெதுவாக எரியும் மருந்தையே குறைத்து இட்டால் என்ன? அது தவறு. அம்மருந்து உயர்ந்த அமுக்கத்திலேதான் ஒழுங்காக எரியும். அளவைக் குறைத்தால் எரிவு தடுமாறும். குண்டு குழலின் நடுவிலேயே சிக்கிவிடும். அடுத்த வெடியில் குழல் வெடிக்கும். சிற்றளவு விரைவு மருந்திலும் வேறோர் ஆபத்துண்டு. மக்னம் கோது நீண்டது. மருந்து அதன் அடியில் சிறிதே இடம்பிடிக்கும். கவனக்குறைவால் இருமுறை இட்டாலும் வெளியே தெரியாது, துவக்கு சிதறும். சாய்வைப் பொறுத்து மருந்து முன்னும் பின்னும் நகர்வதால் ஒரு வெடியைப் போல் மறு வெடி இராது. இதனாலேயே எடை குறைந்து பருமன் மிகுந்த, கோதை நிறைக்கும் மருந்துகள் விரும்பப்படுகின்றன. நடுவில் துளையுள்ள வட்டுக்களாகச் செய்யப்பட்ட ஒரு மருந்தே இத்தேவைக்கென வெளிவந்தது. ஆலை வெளியிடும் அட்டவணை அளவைக் கூறும். அதைத் தாண்டி எவரும் ஊகிப்பதில்லை. உரலில் இடித்தவனுக்கு இல்லாதிருந்தது இந்த அட்டவணைதான்.

ஊவாவின் கிராமத்தவனுக்கும் தோட்டத்து மனிதனுக்கும் இந்த நூற்றாண்டு முழுவதும் வந்து சேர்ந்தது என்ன? 1916ஆம் ஆண்டின் சுடுகருவிக் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் உரிமப்பத்திரத்தை வேண்டின. உரிமப்பத்திரம் நிலத்தையும் செல்வாக்கையும் தொடர்ந்து சென்றது. தோட்டத்துரைமார் 1900இல் தமக்கென ஒரு றைபிள் படையையே அமைத்துக்கொண்டனர். ஐரோப்பியருக்கு மட்டுமான அப்படை 1949இல் கலைக்கப்படும்வரை இருந்தது. லயத்துக்குத் துவக்கு வரவில்லை. கிராமத்தில் 'இடியன்' இருந்தது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் வாய்வழி மருந்திட்டு இடித்து நிரப்பும் துவக்குக்குத் தமிழர் இட்ட பெயர் அது. எவ்வளவு பொருத்தமான பெயர்! கட்டுத்துவக்கு என்ற பொறியும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பன்றிக்காகக் காட்டுப்பாதையில் கட்டப்படும் அத்துவக்கு, விறகு பொறுக்கச் செல்பவளின் முழங்காலையும் பன்றியின் மார்பையும் வேறுபடுத்தி அறியாது. அங்கே தோள் இல்லை, ஆகவே உதைப்பைப் பற்றிய கவலையும் இல்லை. அளவைப் பற்றிய கவலையும் இல்லை. அண்மைய ஆண்டுகளில் 'ஹக்க பட்டாஸ்' என்று தீனிக்குள் மறைத்து வைக்கப்படும் வெடி, பன்றிக்கென வைக்கப்பட்டு, யானைக் கன்றுகளின் வாயைச் சிதைக்கிறது. றொஜேர்சின் யானைகள் ஒரே வெடியில் வீழ்ந்தன; இவை பட்டினியால் சாகின்றன. இதற்காகக் குடியானவனைக் கொடியவன் என்று கூறிவிட்டுப் போவது எளிது. பயிர் காக்க வேலியும் இல்லாமல், அழிவுக்கு ஈடும் கிடைக்காமல் விடப்பட்டவனுக்கு மிகமலிந்த மருந்தே எட்டிய மருந்து.

தோட்டங்களில் துவக்கு எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதில் ஐயமில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் வெடிக்கு இரையானார். அதே ஆண்டில் வேலைநிறுத்த அலை ஊவாவுக்குள் பரவி, பதுளையின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் உச்சமடைந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் சங்கத்தைச் சார்ந்த தொழிலாளர் அங்கே தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்தனர். அடக்க வந்த ஆயுதந்தாங்கிய பொலிஸ் குழுவொன்றை நிராயுதபாணிகளாக்கினர். கையில் ஒரு வெடிக்குரிய மருந்துகூட இல்லாதவர் அதனைச் செய்தனர். றொபின்சன் - வெள்ளி கதைக்கு எங்கெல்ஸ் எண்ணிப்பாராத ஒரு முடிவு அது.

முப்பத்தோராண்டு கழித்து 1971 ஏப்ரல் 5ஆம் திகதி அதிகாலையில், எல்லக் கணவாயின் அடியிலுள்ள வெல்லவாயப் பொலிஸ் நிலையத்தின்மீது நடந்த தாக்குதலோடு ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. குறித்த நேரத்துக்குப் பல மணித்தியாலங்கள் முந்தி அது நிகழ்ந்துவிட்டதால் அரசு விழித்துக்கொண்டது. இளைஞரின் கையில் இருந்தவை வேட்டைத் துவக்குகளும் தாமே செய்த குண்டுகளும். 1818இன் வெல்லஸ்ஸவை அவர்கள் நினைவிற் கொண்டிருந்தனர்; 1940இன் வேவெஸ்ஸவை நினைவிற் கொள்ளவில்லை. அவர்களது ஐந்து வகுப்புக்களுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. மலையேறிப் பத்து மைல் சென்றால் சந்திக்கக்கூடிய தோட்டத் தொழிலாளர் அவ்வகுப்பில் அந்நியரின் கருவியாகவே காட்டப்பட்டனர். வெல்லவாயவில் வெடி கேட்ட காலையில் எல்லத் தோட்டங்களில் வழமைபோலப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி எந்தக் குடும்பம் போகும், எந்தக் குடும்பம் நிற்கும் என்பதே அன்று அந்த லயங்களில் பேச்சாயிருந்தது.